எரிவு வேறு, வலி வேறு

கரண்டியை நக்கிவிட்டு என் கணவர் நீளமாக ஓர் ஏப்பம், எங்கள் பேச்சில் ஏவறை, விட்டார்.

"பார்த்தீரே, விட்டிட்டுது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கண்டி மலைப்பக்கத்து அம்பிட்டியவில் எங்கள் வீட்டு முன்விறாந்தை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சந்திப் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தவர், உள்ளே வராமல் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாண் பை மடியில் இருந்தது. கேட்ட வாய்வு மருந்தை நான்தான் எடுத்து வந்து கொடுத்தேன். சுடுபாணின் வாசனையோடு மருந்தின் புதினா வாசனையும் சேர்ந்து வந்தது. அந்த இளஞ்சிவப்பு மருந்து அவருடைய நரைமீசையில் ஒரு கோடாக ஒட்டியிருந்தது.

நான் கோட்டைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே அரும்பியிருந்த வியர்வையைப் பார்த்தேன். மழை விட்ட அம்பிட்டியக் காலையில், சுவெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடி வியர்க்கும் மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

"எங்கை நோகுது?" என்று கேட்டேன்.

"நெஞ்சிலதான். வாய்வு. நேற்று ராத்திரி அந்தப் பருப்பு வடையைச் சாப்பிட்டிருக்கக் கூடாது."

அவர் சொன்னதை நம்பத்தான் எனக்கும் ஆசை.

மலைகளை அளந்தவர்

போன கிழமை இந்தப் பத்தியில், கச்சேரி எனும் மாவட்ட அரச அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் கணவரைப் பற்றி ஒன்றுமே எழுதுவதில்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். என் கணவர் அனுமதி கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். இப்போது கொடுத்திருக்கிறார், ஒரே ஒரு நிபந்தனையோடு. தான் அழுததை எழுதக் கூடாதாம்.

அவர் நில அளவையாளர். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, வேலைக்காக மலைநாட்டுக்கு வந்து, இங்கேயே நின்றுவிட்டவர். சங்கிலியும் கோலும் சுமக்கும் ஆட்களோடு இந்தப் பக்கத்து மலைகளில் அவர் ஏறாத மலை இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கால்கள் ஓயவில்லை. நான் மூச்சு வாங்கி நிற்கும் மேட்டில் அவர் திரும்பி நின்று, "என்னப்பா, களைச்சுப் போனீரோ?" என்று கேட்பார்.

தனக்கு இதயத்தில் ஏதாவது வரும் என்று நம்ப அப்படிப்பட்டவர் தயாராக இல்லை. வயிற்றில் வரலாம், முழங்காலில் வரலாம். இதயம் மட்டும் அவருடைய கணக்கில் புத்தம் புதிது.

இன்னொரு குணமும் உண்டு. வானொலியில் ஒன்று சொன்னால் அது உண்மை என்று எடுத்துக்கொள்வார். "பொய்யெண்டால் அரசாங்கம் விடுமே?" என்பது அவருடைய வாதம். அரச வேலை பார்த்தவருக்கு வரும் நம்பிக்கை அது. நானும் அரச வேலைதான் பார்த்தேன். எனக்கு அது வரவில்லை.

நல்ல வழி

அந்த மருந்துக்கு ஒரு பாட்டு இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். பாட்டைச் சொன்னாலே சிலருக்கு விளங்கிவிடும் என்பதால் சொற்களையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

*நெஞ்சு வலியா? நல்ல வழி!*
*ரெண்டு கரண்டி, போகும் வலி!*

காலைச் செய்திக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. கண்டிக்குப் போகும் பஸ்ஸில், தலைமயிர் வெட்டும் கடையில், மீன் சந்தையில், எங்கும் அதுதான். கைகொட்டிப் பாடுகிற மெட்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்று ஓர் ஆணின் குரல் வரும். கரண்டி கிண்ணென்று தட்டும் சத்தம் கேட்கும். உடனே அதே குரல் சிரிக்கும். அவ்வளவு சுகமாக ஒரு மனிதன் குணமடைவதை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

நாங்கள் அதை வாங்கி அலுமாரியில் வைத்திருந்தோம். யார்தான் வைத்திருக்கவில்லை? இந்த நாட்டில் வீட்டுக்கு ஒருவருக்காவது 'கேஸ்ட்ரிக்' இருக்கும். தலை சுற்றினாலும் கேஸ்ட்ரிக், முதுகு பிடித்தாலும் கேஸ்ட்ரிக், மாமியாரோடு கோபித்துச் சாப்பிடாமல் படுத்தாலும் கேஸ்ட்ரிக்.

முன்பு கண்டி பஸ் நிலையத்தருகே ஒரு தைலக்காரர் நிற்பார். ஒரு சின்னப் போத்தல், ஒரு பெரிய குரல். மூட்டு நோ, பல் நோ, தேள்கடி, பயந்த பிள்ளை, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தைலம். ஒருநாள் என் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "ஐயா, நீங்கள் ஏன் நொண்டுறியள்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. தைலக்காரரும் சிரித்துவிட்டு, "விக்கிறத்துக்கே பத்துறதில்ல சேர், எனக்கு எங்க பூசுறது?" என்றார்.

அந்தத் தைலக்காரர் எவ்வளவோ நல்லவர் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன். அவர் நம் முன்னால் நின்றார். நாம் கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வானொலியில் சிரிக்கிற அந்த மனிதனிடம் யார் போய்க் கேட்பது?

போத்தலின் மூன்று பக்கம்

ஏவறை விட்ட பிறகு கொஞ்ச நேரம் அவர் தெளிவாகத்தான் இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது பாண் பை நிலத்தில் கிடந்தது. அவர் கை மறுபடியும் நெஞ்சில் இருந்தது. மற்றக் கையால் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பல்லும் சேர்ந்து நோகுது," என்றார். "இன்னும் ரெண்டு கரண்டி தாரும்."

இன்னும் எத்தனை கரண்டி குடிக்கலாம் என்று பார்ப்பதற்காகத்தான் போத்தலைக் கையில் எடுத்தேன். வேறு எந்த ஞானமும் அப்போது எனக்கு வரவில்லை.

நான் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். மூன்று மொழிகளில் ஒன்று எழுதியிருந்தால் மூன்றையும் வாசிக்காமல் என் கண் விடாது. ஒருமுறை எங்கள் அலுவலகப் படிக்கட்டில் 'கவனம், வழுக்கும்' என்று எழுதக் கொடுத்ததை, பலகை எழுதியவர் 'கவனமாக வழுக்கவும்' என்று எழுதி மாட்டிவிட்டார். மழைக்காலம் முழுவதும் சனங்கள் அதை வாசித்துச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். யாரும் விழவில்லை. தமிழில் பிழை வந்தால் சிரிப்புத்தான் வரும், ஆபத்து வராது என்று அந்தக் காலத்தில் நினைத்திருந்தேன்.

போத்தலைத் திருப்பினேன். ஆங்கிலத்தில் நெஞ்செரிவு என்று இருந்தது. சிங்களத்திலும் எரிவுதான். தமிழில் மட்டும் நெஞ்சுவலி.

மறுபடி வாசித்தேன். எழுத்து பொடியாக இருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. எரிவு, எரிவு, வலி.

எரிவு வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுவதால் வருவது. வலி எதனால் வேண்டுமானாலும் வரலாம். இந்த மருந்தைச் செய்தவர்களே இது நெஞ்சு வலிக்கு என்று சொல்லவில்லை. சொன்னது தமிழ் மட்டும்தான். நாங்கள் கேட்டதும் அந்தத் தமிழைத்தான்.

போத்தலைக் கைப்பையில் போட்டேன்.

"எழும்புங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"விசரே உமக்கு? மருந்து வேலை செய்ய நேரம் குடும்."

"இது உங்கட நோவுக்கு மருந்தில்லை."

"ரேடியோவில சொல்லுறான், நெஞ்சு வலிக்குத்தான் இது எண்டு."

"அவன் பிழையாச் சொல்லுறான். எழும்புங்கோ."

"சவரம் எடுக்கேல்லை நான்."

எத்தனையோ வருடம் ஒன்றாக வாழ்ந்தும் அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். கீழ்வீட்டு சுனில் அந்தச் சத்தத்துக்கே ஓடி வந்துவிட்டார். அவர் திரீவீல் ஓட்டுபவர். கட்டியிருந்த சாரத்தோடு வந்தவர், அப்படியே வண்டியை எடுத்தார்.

அம்பிட்டிய வீதி வளைந்து வளைந்து இறங்கும். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய தலை என் தோளில் வந்து இடித்தது. வாவியைத் தாண்டும்போது, "நீர் சும்மா பயப்பிடுறீர்," என்றார். வாவிக் கரையில் யாரோ மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்ததை நான் இன்றும் காண்கிறேன்.

"நேரந்தான் அன்ரி எல்லாம்"

அவசரப் பிரிவில் அவரைக் கட்டிலில் ஏற்றி, நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். இயந்திரத்திலிருந்து வந்த கடதாசியைப் பார்த்த இளம் டொக்டர், திரும்பித் தாதியை விரலால் அவசரமாக அழைத்தார். அதற்குப் பிறகு எல்லாரும் விரைந்து நடந்தார்கள். மெல்லுவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி என்றார்கள். என்னை வெளியே வாங்கில் உட்கார வைத்தார்கள்.

அந்த வாங்கில் இருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. சுவரில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. அதன் நுனி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுனில் வெளியே போய், பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி வாங்கி வந்து என் கையில் வைத்துவிட்டு, தள்ளிப் போய் நின்றார்.

அந்த இளம் டொக்டர் வெளியே வந்தார். தலையில் முக்காடு. அக்குறணைப் பக்கத்துப் பிள்ளை, ரிஸ்னா என்று பெயர்.

"ஹார்ட் அட்டாக்தான் அன்ரி," என்றார். "ஆனா நல்ல நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க. ஊசி வேலை செய்யுது. வலி கொறஞ்சிரிக்கி. இப்ப தேத்தண்ணி கேக்குறாரு."

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா தெரியாது. கோப்பையிலிருந்த தேத்தண்ணி என் சேலையில் கொட்டியது.

பிறகுதான் கைப்பையிலிருந்து போத்தலை எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"மருந்து கெட்டதில்ல அன்ரி. நெஞ்செரிச்சலுக்கு நல்ல மருந்து. ஆனா நெஞ்சு வலிச்சா இத குடிச்சிட்டு வீட்ல இரிக்கிறவங்க எங்களுக்குப் புதுசில்ல. எரிச்சலா, ஹார்ட்டான்னு சில நேரம் ஈசிஜி எடுத்தாத்தான் எங்களுக்கே தெரியும். அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஏவறை வந்தா சரியாப் போச்சுன்னு நினைப்பாங்க. நேரந்தான் அன்ரி எல்லாம். அது போயிட்டா பொறகு நாங்க என்ன செய்ய?"

பின்னர் என் கணவருக்கு இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வார்ட்டுக்கு மாற்றியபோது முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. தலையணை சரியில்லை என்றார். கஞ்சியில் உப்பில்லை என்றார். அந்த முறைப்பாடுகளைக் கேட்கக் கேட்க என் நெஞ்சு நிறைந்தது. குறை சொல்லுங்கோ, இன்னும் சொல்லுங்கோ என்றிருந்தது.

அப்போதுதான் அந்தப் பாட்டு கேட்டது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பார்க்க வந்தவர்களின் தொலைபேசியில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. *நெஞ்சு வலியா? நல்ல வழி!* எதிர்க் கட்டிலில் வயர்களோடு படுத்திருந்த ஒரு முதியவர், கண்ணை மூடியபடி, கட்டில் கம்பியில் விரலால் தாளம் போட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "இஞ்சரும்," என்றார் மெதுவாக. "அதை நிப்பாட்டச் சொல்லும்."

பக்கத்துக் கட்டில்காரரின் தொலைபேசியைத்தான் அவர் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரி விளங்கியது.

பாட்டுக்காரர்

வானொலி நிலையத்துக்குப் பேசினேன். விளம்பரம் தங்களுடையதல்ல, கம்பனியிடம் கேளுங்கள் என்றார்கள். போத்தலில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று இனிமையான ஆங்கிலம் வந்தது. மறுபடி பேசினேன். மறுபடி நன்றி. கடைசியில் ஒரு பெண் இரக்கப்பட்டு, தமிழ் விளம்பரங்களைப் பார்க்கிற அலுவலர் கண்டியில் இருக்கும் விற்பனை முகவரின் அலுவலகத்துக்கு இடைக்கிடை வருவார் என்று சொன்னார்.

கணவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, வவுனியாவிலிருந்து வந்திருந்த என் தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒரு நாள் போனேன். பழைய கட்டடம், மேல்மாடி, மரப்படி. உள்ளே அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

சண்டை போடத்தான் போனேன். சொற்களையெல்லாம் படியேறும்போதே அடுக்கி வைத்திருந்தேன்.

"வாங்க மேடம், உக்காருங்க. பிளேன்டீ குடிக்கிறீங்களா?" என்று எழுந்து நின்றார் ஒருவர். நாற்பதைத் தொட்டவர், காதோரம் நரை. ரவீந்திரன் என்றார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்.

நான் போத்தலை மேசையில் வைத்தேன். மூன்று மொழிகளையும் விரலால் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"ஆமாங்க மேடம், தெரியும். பாட்ட எழுதுனது நாந்தான். மொதல்ல பாட்டுத்தான் வந்துச்சு. பாட்டுல எப்பிடி இருக்கோ அப்பிடியே லேபல்லயும் போட்டுட்டாங்க."

"தெரிஞ்சுமா வலியெண்டு எழுதினனீங்கள்?"

"நெஞ்செரிச்சல்னு போட்டா மெட்டுல ஒக்கார மாட்டேங்குது மேடம். வலின்னா வழின்னு அழகா வந்து விழுது. எரிச்சலும் ஒரு வலிதானேன்னு நெனச்சேன்." அவர் குரலில் கள்ளம் இல்லை. ஒரு வகைப் பெருமைதான் இருந்தது. "எல்லாப் பிள்ளைங்களும் பாடுதுங்க. எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு, எம் மவன் எழுதுனதுன்னு. வாழ்க்கையில அவரு என்னய பத்திப் பெருமையாப் பேசுனது இந்தப் பாட்டுக்குத்தான்."

நான் அடுக்கி வைத்த சொற்கள் எங்கோ போயிருந்தன. என் கணவருக்கு நடந்ததை மட்டும் சொன்னேன். பாண் பை, வியர்வை, இரண்டு கரண்டி, ஏவறை, திரும்பி வந்த வலி, ஊசி. டொக்டர் சொன்னதையும் சொன்னேன்.

மேசைக்கு வந்த பிளேன்டீ ஆறிப்போனது.

"உங்கட அப்பாவிட்டை இந்த மருந்து இருக்கோ?" என்று கேட்டேன். ஒரு திட்டத்தோடும் கேட்கவில்லை. வாயில் வந்தது.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"நாந்தான் ஒரு பெட்டி கொண்டுபோய்க் குடுத்தேன்," என்றார். "லயத்துல வரிசை வீட்டுக்காரங்க எல்லாருக்கும் குடுத்திருக்காரு."

அடுத்த நிமிடம் அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார். அப்பாவுக்குக் காது மந்தம் போலிருக்கிறது. முதலில் மெதுவாகப் பேசினார். பிறகு எழுந்து நின்றார். பிறகு கத்தினார்.

"அப்பா! நெஞ்சு வலிச்சா அத குடிக்காதீங்க! குடிக்காதீங்கன்னு சொல்றேன்! ஆமா, அந்த மருந்துதான்! நெஞ்சு வலிச்சா நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும்! பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லுங்க!"

அலுவலகத்தில் எல்லோருடைய கையும் நின்றது. அந்த மருந்தின் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்த அறையில், அந்த மருந்தின் ஆள் நின்று அப்படிக் கத்தினார்.

மறுமுனையில் முதியவர் ஏதோ கேட்டார். குரல் வெளியே வரை கேட்டது.

"நீதானப்பா பாட்டுல அப்பிடிச் சொன்ன?"

ரவீந்திரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"தப்பாச் சொல்லிட்டேம்பா," என்றார்.

எரிச்சலா, எரிவா

பாட்டு மறுநாளே நின்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. நன்றாக விற்கிற பாட்டை யார் நிறுத்துவார்கள்? தன்னுடைய மேலதிகாரியிடம் பேசிப் பார்த்ததாக ரவீந்திரன் சொன்னார். "ஒரு அன்ரி வந்து அழுதாங்கன்னு கம்பனிய மூடவா?" என்று கேட்டாராம் அவர். நான் அழவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மருந்து விளம்பரங்களைக் கவனிக்கிற அரச அலுவலகத்துக்கு மூன்று மொழிகளிலும் முறைப்பாடு எழுதினேன். கச்சேரியில் இருந்த காலத்தில் கூட அவ்வளவு கவனமாக எழுதியதில்லை. டொக்டர் ரிஸ்னா தன் பெயரைப் போட்டு, மருத்துவக் காரணத்தை எழுதிக் கொடுத்தார். உள்ளேயிருந்து ரவீந்திரனும் விடவில்லை. தன்னுடைய வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தும், பாட்டு தன்னுடைய பிழை என்று அவரே எழுத்தில் கொடுத்தார் என்று பின்னால் அறிந்தேன்.

மழை முடிந்து, வெயில் வந்து, மறுபடி மழை தொடங்கியபோது ஒருநாள் தொலைபேசி அடித்தது.

"மேடம், பாட்ட எடுக்கச் சொல்லிட்டாங்க. லேபலும் மாத்துறோம். புதுசா எழுதச் சொல்லி என்கிட்டயே குடுத்திருக்காங்க. பாட்டு வேணாம்னுட்டேன். சும்மா பேச்சுத்தான். ஒண்ணு கேக்கணும். எரிச்சல்னா யாழ்ப்பாணத்துல வெளங்குமா?"

"நாங்கள் எரிவு எண்டுவம். ஆனால் எரிச்சலும் விளங்கும்."

"ரெண்டையும் போட்டுரட்டா?"

"போடுங்கோ. வலியை மட்டும் பிரிச்சுப் போடுங்கோ."

அப்படி இருவரும் தொலைபேசியிலேயே ஒரு விளம்பரம் எழுதினோம். அழகில்லாத விளம்பரம். இது நெஞ்செரிவுக்கு, நெஞ்செரிச்சலுக்கு மட்டும். நெஞ்சு வலித்தால் இதைக் குடித்துவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவ்வளவுதான். கைகொட்ட முடியாது. எந்தப் பிள்ளையும் பாடாது.

முதல் முறை அது வானொலியில் வந்தபோது என் கணவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு அனுமதி இல்லை.

கிளினிக் வரிசை

இதய நோயாளிகளுக்கான கிளினிக் நாளில் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் கண்டி மாவட்டமே அங்கே உட்கார்ந்திருக்கும். விடிய வெளிக்கிட்டுப் போனாலும் வாங்கில் இடம் கிடைப்பது பெரும்பாடு.

அண்மையில் ஒருநாள் எங்கள் பக்கத்தில் ஒரு தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். அலவத்துகொடவிலிருந்து வந்தவர்கள். அவர் வெள்ளைத் தொப்பி போட்ட பெரிய உருவம். அவருடைய மனைவி என்னைவிடக் கொஞ்சம் இளையவர், பேச்சுக்கு ஆள் தேடுகிறவர். உட்கார்ந்ததுமே தொடங்கிவிட்டார்.

"உங்கட மாப்பிள்ளைக்கும் ஹார்ட்டா?" என்று என் கணவரைக் காட்டினார்.

"ஓம். இப்ப சுகம்."

"எங்கட இவருக்கு வந்தது நோன்புக்கு முந்தி. விடிய சுபஹு தொழுதிட்டு வந்து நெஞ்சப் புடிச்சிட்டு இருந்தாரு. கேஸ்ட்ரிக்காம். மருந்தத் தாங்கன்னு ஒரே சண்ட. நானும் எடுத்துக் குடுக்கத்தான் போன. போத்தல் கைல ஈக்கி. அந்த நேரம் பாருங்க, ரேடியோவுல செல்றாங்க, நெஞ்சு வலிச்சா இத குடிச்சிட்டு வீட்டுல இரிக்க வாணாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. அதே மருந்து! நான் போத்தலப் பாக்குற, ரேடியோவப் பாக்குற. மகனக் கூப்பிட்டு வேன்ல ஏத்திட்டோம்."

"ஏத்தினதோ?" என்றார் அவருடைய கணவர். "இழுத்திட்டு வந்தாங்க."

"இழுத்திட்டு வராட்டி இண்டைக்கு நீங்க இங்க இருந்து கதைப்பீங்களா? டொக்டர் என்ன சென்னாங்க? இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா முடிஞ்சிருக்கும்னு சென்னாங்களா, இல்லையா?"

அவர் தலையைக் குனிந்து சிரித்தார்.

"அல்லாஹ்தான் அந்த நேரம் ரேடியோவப் போட வெச்சான்," என்றார் அந்தப் பெண். கண்ணின் ஓரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

என் கணவர் வாயைத் திறந்தார். அவரை எனக்குத் தெரியும். முழுக் கதையையும், பாண் பையிலிருந்து சொல்லத் தொடங்கப்போகிறார். நான் அவருடைய முழங்கையை இறுகப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த மனிதரின் பக்கம் திரும்பினார்.

"ஓம். பெரிய காரியம்தான்," என்றார். "இப்ப மேட்டில ஏறுறனீங்களோ?"

"மெல்ல மெல்ல ஏறுற."

"நானும் அப்பிடித்தான்."

நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து, ஆள் குறைந்த இடமாகப் பார்த்து நின்று, ரவீந்திரனுக்குப் பேசினேன். அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன், போத்தல் கையில் இருந்ததையும் சேர்த்து.

மறுமுனையில் கதவு ஒன்று சாத்தும் சத்தம் கேட்டது.

"ஆளு இப்ப எப்பிடி மேடம் இருக்காரு?" என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் ஒரு பொட்டலத்தைத் திறந்து, ரோல்ஸ் எடுத்து என் கணவருக்கு நீட்டிக்கொண்டிருந்தார். தொப்பிக்காரரின் வாயில் ஏற்கனவே ஒன்று இருந்தது.

"எண்ணெயில பொரிச்சதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்," என்றேன். "என்ரை மனுசனும் சேர்ந்து சாப்பிடுறார். ரெண்டு பேருக்கும் டொக்டர் வேண்டாமெண்டு சொன்னது."

ரவீந்திரன் சிரித்தார். சத்தமாகச் சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் அவர் மூக்கை உறிஞ்சியது கேட்டது. நான் கேட்காதவள் போல, அவர் சிரித்து முடியும் வரை தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.